மக்களை அகற்றிக் காத்த பாலை

(கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இன்று மாலை யான் பேச எடுத்துக்கொண்ட பொருள், அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்மேற்கு மூலையிலே கிடக்கும் ஒரு பாலைநிலத்தைப் பற்றியது. சொந்தக் கூரை ஒழுகிக்கொண்டிருக்கும்போது அயலூர்க் கூரையைப் பற்றிப் பேச்சு எதற்கு என்று இங்கே சிலர் எண்ணக்கூடும். எண்ணுவது தவறன்று. ஆயினும் அந்தக் கூரையில் ஓட்டை எப்படி விழுந்தது என்பதை அறிந்துகொள்வதால் நமக்கு நட்டம் ஒன்றும் இல்லை. சற்றுப் பொறுமையுடன் கேட்குமாறு வேண்டுகிறேன்.

அந்நிலத்தின் பெயர் சொனோராப் பாலை. அரிசோனா, கலிபோர்ணியா ஆகிய அமெரிக்க மாநிலங்களிலும் மெக்சிக்கோ நாட்டின் வடமேற்கிலும் ஏறக்குறைய ஒரு இலட்சம் சதுர மைல் பரப்பில் அது விரிந்து கிடக்கின்றது. யான் கூறப்போகும் பகுதியில் ஆண்டொன்றுக்குச் சராசரியாகப் பெய்யும் மழை ஒன்பது அங்குலம். யாழ்ப்பாணத்தில் ஐம்பது அங்குலம் பெய்தும் நாம் படும் பாட்டை இங்குள்ள கமக்காரர் அறிவர். ஒன்பது அங்குலத்தை வைத்துக்கொண்டு ஒரு மக்கட் கூட்டம் பல நூற்றாண்டுகளாகப் பயிர் செய்து வாழ்ந்தது என்றால் நம்புவீர்களா? நம்பத்தான் வேண்டும்.

அம்மக்கள் தம்மைத் தொஹோனோ ஓதாம் என்பர். பாலைநில மக்கள் என்பதே அதன் பொருள். கோடையின் நடுவிலே இடிமழை கொட்டும்போது, வறண்டு கிடந்த ஓடைகள் சில மணி நேரம் காட்டாறாகப் பாயும். அந்த வெள்ளம் மலையடியை விட்டுச் சமவெளியிற் பரவும் வாயிலிலேதான் அவர்கள் வயல் அமைத்தார்கள். அணை பெரிதாகக் கட்டவில்லை. வாய்க்கால் நெடுந்தூரம் வெட்டவுமில்லை. சுள்ளிகளையும் மண்ணையும் கொண்டு வெள்ளத்தின் வேகத்தைத் தணித்து, அது கொணரும் வண்டலையும் ஈரத்தையும் நிலத்திலே தங்கச் செய்தார்கள். வெள்ளம் வற்றியதும் தெப்பரி என்னும் ஓர் அவரையையும் சோளத்தையும் பூசணியையும் விதைத்தார்கள். தெப்பரி அவரை ஓரிரு மழையை நம்பியே காய்த்துவிடும். அதிக நீர் விட்டால் இலை தழைக்குமேயன்றிக் காய் பிடிக்காது. விதை தெரிந்து விதைக்கும் அறிவு படித்தவனுக்கு மாத்திரம் உரியதன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அங்கே சவாரோ என்றொரு கள்ளி வளர்கின்றது. நமது வேலியோரக் கள்ளியை மனத்தில் நினைக்காதீர்கள். இது நாற்பது அடி உயரம் வளரும். நூற்றைம்பது ஆண்டுக்கு மேலும் உயிர் வாழும். முதற் கிளை விடுவதற்கே ஐம்பது ஆண்டுக்கு மேற் செல்லும். யூன் மாதத்தில் அதன் கனி பழுக்கும்போது, இறந்துபட்ட கள்ளியின் நீண்ட நாரெலும்புகளைக் கட்டிய கொக்கைத் தடியாற் குடும்பத்தோடு பழம் பறிப்பர். பாகு காய்ச்சுவர். அந்தப் பாகிலிருந்து வடித்த மதுவை அருந்தி மழையை அழைக்கும் சடங்கு நடைபெறும். அவர்களுடைய புத்தாண்டும் அக்காலத்தோடுதான் பிறக்கின்றது. சவாரோவை அவர்கள் மரம் என்று கருதுவதில்லை. தம் இனத்தைச் சேர்ந்த ஆட்கள் என்றே கருதுகிறார்கள்.

இவ்வாறு வாழ்ந்த நிலத்திலே ஒரு நாள் கோடு விழுந்தது. 1848 ஆம் ஆண்டு முடிவுற்ற போரில் மெக்சிக்கோ தன் வடபகுதியை அமெரிக்காவிடம் இழந்தது. அது போதாதென்று 1853 ஆம் ஆண்டு திசெம்பரில் காட்ஸ்டன் உடன்படிக்கை எழுதப்பட்டு அடுத்த ஆண்டு நிறைவேறியது. ஒரு கோடி டொலர் விலைக்கு ஏறக்குறைய முப்பதினாயிரம் சதுர மைல் நிலம் கைமாறியது. விற்றவரும் கேட்கவில்லை, வாங்கியவரும் கேட்கவில்லை. அந்நிலத்திலே உழுதுகொண்டிருந்தவனை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அண்ணன் வீடு ஒரு நாட்டிலும் தம்பி வீடு மறு நாட்டிலும் ஆயின. இன்று அவ்வினத்தின் பதிவுபெற்ற உறுப்பினர் முப்பத்துநாலாயிரத்துக்கு மேற்பட்டோர். அவருள் ஏறக்குறைய இரண்டாயிரம் பேர் மெக்சிக்கோப் பக்கத்தில் உள்ளனர். அமெரிக்கப் பக்கத்தில் அவர்களுக்கென ஒதுக்கப்பட்ட நிலம் 28 இலட்சம் ஏக்கர். அதன் தென்னெல்லை 62 மைல் நீளத்துக்கு நாட்டெல்லையாகவே இருக்கின்றது.

நெடுங்காலம் அந்த எல்லை மாடு தாண்டாதிருக்கக் கட்டிய முட்கம்பியளவே. மக்கள் தாண்டினர். பிள்ளைப் பேற்றுக்கும் செத்த வீட்டுக்கும் கோயிற் பெருநாளுக்கும் தாண்டினர். கோட்டை வரைந்தவர் அதனை மறந்திருந்த காலம் அது.

இனி யான் ஓர் ஊற்றைப் பற்றிக் கூறவேண்டும். இந்தப் பேச்சின் மையமே அதுதான்.

தொஹோனோ ஓதாம் நிலத்துக்கு மேற்கே, எல்லைக் கோட்டிலிருந்து கல்லெறி தூரத்தில், கித்தோபாக்கித்தோ என்னும் ஊற்று இருக்கின்றது. கருங்கற் குன்றின் வெடிப்புகளினூடே கசிந்து வரும் நீர் அரை ஏக்கர் அளவான குளத்திலே சேர்கின்றது. சுற்றிலும் பல மைலுக்கு வேறு நிலையான நீரில்லை. கலிபோர்ணியா வளைகுடாவிற்கு உப்பெடுக்கச் செல்லும் யாத்திரிகர் அங்கே தங்கிச் சென்றனர். ஓதாம் மக்களின் மற்றொரு பிரிவினரான ஹியா செட் ஓதாம், அதாவது மணல்வெளி மக்கள், அதனைச் சுற்றி வாழ்ந்தனர். வேறெங்கும் எளிதிற் காணமுடியாத ஒரு சிறு மீனும் ஒரு சேற்றாமையும் அக்குளத்தில் உள்ளன. மீன் 1986 ஆம் ஆண்டிலும் ஆமை 2017 ஆம் ஆண்டிலும் அழியும் ஆபத்துள்ள இனங்களாக அமெரிக்க அரசினராற் பட்டியலிடப்பட்டன.

1937 ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் சனாதிபதி பிராங்கிளின் ரூசுவெல்ற் அவ்விடத்தை உள்ளிட்ட ஐந்நூறு சதுர மைலுக்கு மேற்பட்ட நிலத்தை, ஓர்கன் பைப் கள்ளித் தேசிய நினைவகம் என்ற பெயரிற் பாதுகாக்கப்பட்ட பகுதியாக்கினார். நல்ல காரியமே. சுரங்கக்காரரும் மாட்டுப் பண்ணைக்காரரும் விழுங்கியிருக்கக்கூடிய நிலம் அதனாற் பிழைத்தது. ஆனால் ஊற்றங்கரையிலே ஓர் ஓதாம் குடும்பம் இருந்தது. அத்தியும் மாதுளையும் நட்டு, குளத்து நீரை வாய்க்கால் வழி வயலுக்குப் பாய்ச்சி வாழ்ந்த குடும்பம். 1957 ஆம் ஆண்டிலே பூங்காப் பரிபாலனத்தார் அவர்களுக்குப் பணம் கொடுத்து உரிமையை வாங்கி, பின்னர் வீடுகளை இடித்துத் தரைமட்டமாக்கினர். இயற்கையைக் காக்க மனிதன் விலகவேண்டும் என்பது அக்காலத்துக் கொள்கை. ஹியா செட் மக்களோ அழிந்தொழிந்த இனமென்று ஏடுகளில் எழுதப்பட்டிருந்தனர். உயிரோடிருந்தவர்கள் அதைப் படித்திருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ!

இதன் விளைவைக் கேளுங்கள். கேரி நபான் என்னும் தாவரவியலறிஞர் பின்னாளில் இவ்விடத்தை, தெற்கே மெக்சிக்கோப் பகுதியில் ஓதாம் கமக்காரர் அப்போதும் பயிர் செய்துகொண்டிருந்த மற்றோர் ஊற்றங்கரையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். மனிதரை அகற்றிக் காவல் போட்ட இடத்திற் கண்ட பறவையினங்களைப் போல் ஏறக்குறைய இருமடங்கு இனங்களை, மனிதர் உழுது நீர் பாய்ச்சிய இடத்திலே அவர் கண்டார். 1982 ஆம் ஆண்டு வெளிவந்த நூலிலே இதனை எழுதினார். வாய்க்காலும் வேலி மரமும் பழத்தோட்டமும் களைச்செடியும் இருந்தாற் பறவைக்குப் பல வகை இருப்பிடம் உண்டு. நமது தோட்டக் காணிகளில் காலையிலே கேட்கும் ஒலியை அறிந்தவர்க்கு இது புதுமையன்று. விஞ்ஞானிகளுக்குத்தான் புதுமையாயிற்று.

ஆக, இந்தப் பாலை முதலிற் கண்டது பாதுகாப்பின் பெயரால் வந்த வெளியேற்றம். இரண்டாவது வந்தது எல்லையின் பெயரால்.

1994 ஆம் ஆண்டிலிருந்து அமெரிக்க அரசாங்கம் பட்டணங்களை அண்டிய எல்லைப் பகுதிகளைக் காவலால் அடைக்கலாயிற்று. வேலை தேடி வடக்கே செல்லும் ஏழைகள், பாலையின் வெம்மைக்கு அஞ்சித் திரும்பிவிடுவர் என்பது கணக்கு. அவர்கள் திரும்பவில்லை, பாலைக்குள் நடந்தனர். 2000 ஆம் ஆண்டு தொடங்கித் தென் அரிசோனாவிற் கண்டெடுக்கப்பட்ட சடலங்களும் எலும்புகளும் நாலாயிரத்துக்கு மேற்பட்டவை. அவற்றுட் பல, ஓதாம் மக்களின் நிலத்திலே கிடந்தவை. கள்ளக் கடத்தற்காரரும் அவ்வழியே வந்தனர். அவர்களுடைய வண்டிகளும், அவர்களைத் துரத்திய காவற்படையின் வண்டிகளும், ஒரு தடம் பதிந்தாற் பல பத்தாண்டு மாறாத அந்த மண்ணைக் கண்டபடி கிழித்தன. 2002 ஆம் ஆண்டு ஆகத்து மாதம் அந்தத் தேசிய நினைவகத்தின் காவலர் ஒருவர் கடத்தற்காரரைத் தொடர்ந்து சென்றபோது சுட்டுக் கொல்லப்பட்டார். நினைவகத்தின் பெரும்பகுதி 2014 வரை பொதுமக்களுக்கு அடைக்கப்பட்டிருந்தது. ஆகவே அங்கே காவலே தேவையில்லை என்று எவரும் சொல்லவில்லை, யானும் சொல்லவில்லை. ஓதாம் சபையார் வாகனத் தடைகளுக்கு இடங்கொடுத்தனர். 2019 ஆம் ஆண்டு கண்காணிப்புக் கோபுரங்களுக்கும் இணங்கினர். எல்லைக் காவலுக்காகத் தமது சொந்தப் பணத்தில் ஆண்டுதோறும் முப்பது இலட்சம் டொலருக்கு மேல் செலவிடுவதாக அவர்களுடைய தலைவர் காங்கிரசுக் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். அவர்கள் மறுத்தது ஒன்றை மட்டுமே: மதில்.

மதில் பாலைநிலத்தில் என்ன செய்யும் என்பதை அறிய 2019 வரை காத்திருக்கத் தேவையிருக்கவில்லை. 2008 ஆம் ஆண்டிலேயே நினைவகத்தின் எல்லையில் ஐந்து மைல் நீளத்துக்கு இரும்பு வலை வேலி போடப்பட்டது. அவ்வாண்டு யூலையிற் பெய்த ஒரு மழையில், ஓடைகளை ஊடறுத்து நின்ற அந்த வேலியிற் குப்பை அடைந்து, வேலி அணையாகிவிட்டது. இரண்டடி முதல் ஏழடி வரை வெள்ளம் தேங்கிப் பக்கவாட்டிற் பாய்ந்து, அயலிலுள்ள மெக்சிக்கோ நகரையும் தாக்கியது. 2011 ஆம் ஆண்டு இன்னொரு வெள்ளம் நாற்பது அடி வேலியை அடித்துக்கொண்டு போயிற்று. தண்ணீருக்குக் கடவுச்சீட்டுக் கிடையாது என்பதை மதவு கட்டத் தெரிந்த எந்தக் கமக்காரனும் அந்த எந்திரிகளுக்குச் சொல்லியிருப்பான்.

பிறகு வந்தது முப்பது அடி உயரமான உருக்குத் தூண் மதில். 2005 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, எல்லைத் தடை கட்டுவதற்குத் தடையாகும் எந்தச் சட்டத்தையும் ஒதுக்கி வைக்கும் அதிகாரத்தை ஓர் அமைச்சரின் கையிற் கொடுத்திருந்தது. அந்த அதிகாரத்தைக் கொண்டு, அழியும் உயிரினங்களைக் காக்கும் சட்டம், சுத்தமான நீர்ச் சட்டம், ஆதிக்குடிகளின் புதைகுழிகளைக் காக்கும் சட்டம், அவர்களுடைய சமய சுதந்திரத்தைப் பற்றிய சட்டம் எனப் பல பத்துச் சட்டங்கள் ஒரே கையெழுத்தில் ஒதுக்கப்பட்டன. சட்டத்தரணிகள் இங்கே பலர் இருக்கிறீர்கள். நாட்டின் சட்டம் நாட்டின் விளிம்புக்கு வரும்போது நின்றுவிடுமா என்ற கேள்வியை உங்களிடமே விடுகிறேன்.

2019 ஆகத்தில் வேலை தொடங்கியது. 2020 பெப்ரவரியில், முன்னோரின் புதைகுழிகள் உள்ள இடமென்று கூறப்பட்ட குன்றொன்று வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. பல்லாண்டு வயதுள்ள சவாரோக்கள் சாய்க்கப்பட்டன. கொங்கிறீற்றுக் குழைக்கவும் தூசி அடக்கவும் நிலத்தடி நீர் இறைக்கப்பட்டது. ஊற்றிலிருந்து ஐந்து மைலுக்குள் கிணறு தோண்டுவதில்லை என்று அரசினர் உறுதி கூறினர். ஆயினும் 2020 யூலையில் கித்தோபாக்கித்தோக் குளம் பல பத்தாண்டுகளிற் காணாத அளவுக்கு வற்றி, சேறு வெடித்துக் கிடந்தது. குளத்தின் அடியில் ஒழுக்கு என்றனர் அதிகாரிகள், வறட்சி என்றனர். நேர்மையாகச் சொன்னால், அவையும் உண்மையே. ஊற்றின் சுரப்பு மதில் வருமுன்னரே பல ஆண்டாகக் குறைந்து வந்தது. எல்லைக்கு அப்பால் மெக்சிக்கோப் பண்ணைகளின் இறைப்பும் அப்பிரதேசத்து நிலத்தடி நீரைப் பதம் பார்த்திருக்கின்றது. ஆனால் வற்றிக்கொண்டிருக்கும் கிணற்றின் அருகே இன்னொருவன் வந்து இயந்திரம் பூட்டி இறைத்துவிட்டு, "உன் கிணறு முன்பே வற்றிக்கொண்டுதானே இருந்தது" என்று சொன்னால் நாம் அவனுக்கு என்ன மறுமொழி சொல்வோம்?

ஏனைய கேடுகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். புரொங்கோண் என்னும் மானினத்தின் சொனோராப் பிரிவு 2002 ஆம் ஆண்டு வறட்சியில் அமெரிக்கப் பக்கத்தில் இருபத்தொன்றாகச் சுருங்கி, பெருமுயற்சியால் மீண்டும் நூற்றுக்கணக்கிற் பெருகியது. மதில் அதன் மேய்ச்சலை இரண்டாக்கிவிட்டது. ஒரு சிற்றாந்தை, சிறகிருந்தும், பெரும்பாலும் தரையை ஒட்டியே பறப்பது. அதற்கும் மதில் மதில்தான். மாட்டுத் தீவனத்துக்கென ஆபிரிக்காவிலிருந்து கொணர்ந்த ஒரு புல், தமிழ்நாட்டிலே கொழுக்கட்டைப் புல் என்பார்களே அதே புல், கள்ளிகளுக்கிடையே பரவித் தீயைக் கொண்டுவருகின்றது. தீயை அறியாத சவாரோ ஒரு முறை எரிந்தால் மீள்வது அரிது. அந்தப் புல்லுக்கு மதில் ஒரு தடையே அன்று.

இப்போது யான் சொல்லவந்த கருத்துக்கு வருகிறேன். அரிசோனாவின் எல்லை முழுவதிலும், இவ்வளவு அருமையென்று உலகம் போற்றிய நிலத்திலே, 1976 ஆம் ஆண்டு யுனெஸ்கோவினால் உயிர்ச்சூழற் காப்பகமெனச் சிறப்பிக்கப்பட்ட நிலத்திலே, மதில் ஏன் இத்தனை விரைவாக எழுந்தது? விடை எளிது. அது அரசின் காணி. 1907 ஆம் ஆண்டில் தியடோர் ரூசுவெல்ற் எல்லையோரமாக அறுபது அடி அகலப் பட்டையை அரசுக்கென ஒதுக்கியிருந்தார். மறித்து நிற்க அங்கே ஒரு குடியானவன் இல்லை; உறுதி வைத்திருக்க ஒரு குடும்பம் இல்லை. இருந்தவர்களை 1957 இலேயே அனுப்பியாயிற்று. ரெக்சாசிலோ தனியார் காணிகள். காணிக்காரர் பலர் வழக்காடினர், வேலை இழுபட்டது. ஓதாம் மக்கள் வாழும் அந்த 62 மைலில் அவர்களுடைய சபை இருந்தது, கிராமங்கள் இருந்தன, இல்லையென்று சொல்ல வாய் இருந்தது. 2021 சனவரியில் புதிய சனாதிபதி மதில் வேலையை நிறுத்தியபோது அங்கே நின்றவை வாகனத் தடைகளே. காவல் போட்டு மக்களை அகற்றிய நிலம் வீழ்ந்தது. வறுமையோடேனும் மக்கள் குந்தியிருந்த நிலம் நின்றது.

வனமும் விலங்கும் காக்கப்படவேண்டும் என்பதில் இங்கே எவருக்கும் மாறுபாடு இல்லை. ஆனால் வன்னியிலும் திருகோணமலையிலும், போரினால் இடம்பெயர்ந்தவன் திரும்பி வரும்போது அவனுடைய வயலிற் காடு மண்டியிருக்கிறது என்பதற்காக அதனை வனமென்று எல்லைக்கல் நாட்டியதை நாம் அறிவோம். 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியவர்கள், கீரிமலைக் கேணிக்கு அருகே பிறந்தும், தம் கிணற்றைக் காணப் பல பத்தாண்டுகள் காத்திருந்ததையும் அறிவோம். ஒப்புமையை மிகைப்படுத்த யான் விரும்பவில்லை. பாலைநிலம் வேறு, பனைநிலம் வேறு. அவர்களுடைய வரலாறு வேறு, நமது வேறு. ஆளில்லாத காணிக்கு எவரும் சொந்தக்காரராகிவிடலாம் என்பது மட்டும் இரண்டிடத்திலும் ஒன்றே.

2020 செத்தெம்பரில் ஹியா செட் ஓதாம் பெண் ஒருத்தி, ஊற்றின் அருகே மதில் கட்டிய இயந்திரத்தின் முன் நின்று பணியை மறித்துக் கைதானாள். நீதிமன்றத்திலே அவள், தன் முன்னோர் யார், அவ்வூற்று அவளுடைய வழிபாட்டில் என்ன இடம் பெறுகின்றது என்பதை எடுத்துரைத்தாள். நீதவான் முதலில் அவ்வாதத்தை ஏற்கவில்லை. 2022 சனவரியில் அவரே மீளாய்ந்து, சமய சுதந்திர மீட்புச் சட்டத்தின்படி அவளை விடுதலை செய்தார். மதில் பெயர்க்கப்படவில்லை. ஆயினும் அழிந்துபோனதாக எழுதப்பட்ட ஓர் இனத்தின் பெண் பேசிய சொற்கள் அரச நீதிமன்றத்தின் ஏட்டில் ஏறின. 2025 யூலையில் மதிலுக்கென மேலும் 4650 கோடி டொலர் ஒதுக்கப்பட்டது. அரிசோனாவின் வேறொரு புல்வெளியிலும் வேலைக்கு ஒப்பந்தம் கொடுக்கப்பட்டுள்ளது. அவர்களுடைய போராட்டம் ஓயவில்லை.

நம்மைப் பொறுத்தமட்டில், 2025 மார்ச்சில் வடமாகாணக் காணிகளைப் பற்றி ஒரு வர்த்தமானி அறிவித்தல் வெளிவந்ததை நினைவுகூருங்கள். மூன்று மாதத்துக்குள் உரிமையை நிலைநாட்டாவிடில் காணி அரசினுடையதாகும் என்பது அதன் சாரம். எதிர்ப்பினாலும் உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையினாலும் அது பின்வாங்கப்பட்டது. ஆனால் அந்த மூன்று மாதத்தில் எத்தனை பேர் உறுதி தேடி அலைந்தனர்! எத்தனை பேருக்கு உறுதி எரிந்துபோயிற்று! ஆகவே எனது வேண்டுகோள் ஒன்றே. ஒவ்வொரு கிராமத்திலும் வயலின் பெயர், குளத்தின் பெயர், துரவு எங்கே, எல்லை மரம் எது, யார் யார் எந்த ஆண்டுவரை உழுதார்கள் என்பவற்றை, முதியோர் உயிருடன் இருக்கும்போதே கேட்டு எழுதி வைக்கவேண்டும். நில அளவையாளரும் சட்டத்தரணிகளும் ஆசிரியர்களும் இம்மண்டபத்திலே இருக்கிறீர்கள். வாயாற் சொல்லும் கமக்காரரும் இருக்கிறார்கள். எந்தக் கிராமத்தில் முதலில் தொடங்கலாம் என்பதைப் பற்றிக் கூட்டம் கலைந்தபின் உங்களோடு இருந்து பேச விரும்புகிறேன். ஏட்டையும் பேனாவையும் கையோடு கொண்டு வந்திருக்கிறேன்.